என் பின்சில்லு மாங்குளம் போய்ச் சேர்ந்த கதை

ஆனி கடைசி. வன்னியில் தென்மேற்குக் காற்றான சோளகம் எழும்பிவிட்டது. மாங்குளத்தில் தொடங்கி முல்லைத்தீவு போய்த் திரும்பி வரும் சைக்கிளோட்டம், ஏறக்குறைய 100 கிலோமீற்றர். போகும்போது காற்று முதுகில், வரும்போது முகத்தில். காற்றுக்கு எதிரே ஓடும் அந்த 50 கிலோமீற்றரில்தான் ஆட்டம் என்று எங்கள் அணியின் கப்டன் அண்ணை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

யாழ்ப்பாணத்தில் இருந்து நாலு சைக்கிளையும் ஒரு சின்னப் பட்டா லொறியில் கட்டிக்கொண்டு விடியப்புறமே புறப்பட்டோம். ஆனையிறவு தாண்டிப் பரந்தனில் விசுவமடுத் தம்பி தன் சைக்கிளோடு ஏறினான். முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினோம். ஏ9 வீதியில் போகிற யாரும் அங்கே இறங்காமல் போவதில்லை. வறுத்த கச்சான் கடலை வாங்கினேன். அண்ணை பையைப் பறித்து இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டார். "ஓட்டம் முடியத்தான்."

அண்ணைக்குச் சைக்கிள் திருத்தும் கடை. மற்ற இருவரும் ஆசிரியர்கள், நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், லிகிதர். எங்களில் வெல்லக்கூடியவன் தம்பிதான். அவனைக் காற்றுப் படாமல் மாங்குளத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் விடுவது மற்ற நாலு பேரின் வேலை. ஐந்து சைக்கிளுக்கும் ஒரே அளவுச் சில்லு, பின்னால் ஒரேமாதிரி 9 பல்வட்டு அடுக்கு. ஆருடைய சில்லும் ஆருக்கும் பொருந்த வேண்டும் என்று அண்ணை தன் கடையிலேயே மாற்றிப் பூட்டித் தந்தவர்.

போன பாதையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று எல்லாம் பறந்து போயின. முல்லைத்தீவில் திரும்பும்போது கடல் மணத்தது. வட்டுவாகல் பாலம் அங்கிருந்து கொஞ்சத் தூரம்தான். 2009 மே மாதம் தாயின் இடுப்பில் இருந்தபடி அந்தப் பாலத்தைக் கடந்து வந்தவன் தம்பி. அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தான். பிறகு குனிந்து மிதித்தான்.

இனிச் சோளகம். தென்மேற்கில் இருந்து, இடப்பக்க முகத்தில் அறைகிற காற்று. முன்னால் போகிறவர் வீதியின் இடது கரையைப் பிடிப்பார். நாங்கள் அவருக்கு வலப்பக்கப் பின்னால் சாய்வாக, ஏணியைச் சரித்து வைத்ததுபோல, ஒருவர் நிழலில் ஒருவர் ஒதுங்குவோம். ஒட்டி ஓடினால் கிட்டத்தட்டக் கால்பங்கு சக்தி மிச்சம். ஆனால் சில்லுக்கும் சில்லுக்கும் இடையே ஒரு சாண்தான் இருக்கும், கண் இமைக்கப் பயம். அண்ணையின் வியர்வைத் துளி காற்றில் பறந்து என் கையில் விழுந்தது. அவர் முழங்கையை ஆட்டினால் என் முறை. ஒரு நிமிடம் முன்னால் நின்று காற்றை வாங்கினேன், பிறகு பின்னால் வழுகினேன். இப்படியே மாறி மாறி ஓடினோம். தம்பிக்கு மட்டும் நாங்கள் முன்முறை கொடுக்கவில்லை.

கரிப்பட்டமுறிப்புக்குக் கிட்ட அவன் கை உயர்ந்தது. பின் ரயரில் காற்றில்லை.

நான் யோசிக்கவில்லை. அவன் இறங்க முதலே என் பின்சில்லைக் கழற்றிவிட்டேன். அண்ணை அதை வாங்கிப் பூட்டினார், தம்பியின் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார், ஏறித் தானும் முன்னால் போனார். அரை நிமிடம் எடுத்திருக்குமோ என்னவோ. நாலு பேரும் பாலை மரங்களுக்கு அங்கால் வளைவில் மறைந்தார்கள். என் கையில் தம்பியின் சில்லு.

வைத்திருந்த புது ரியூப்பைப் போட்டு 100 இறாத்தல் காற்று அடித்தேன். சீறிக்கொண்டு மறுபடி இறங்கிவிட்டது. அப்போதுதான் சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு ஐயா, பழைய ரலி சைக்கிளில் வந்து நின்றார். ரயரைக் கழற்றி உள்ளே விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. அரை நெல் அளவு நெருஞ்சி முனை. நகத்தால் கிள்ளி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பக்கத்து வீட்டுக்குப் போய் வாளியில் தண்ணீரும் ஒட்டும் சொலூசனும் கொண்டு வந்து ரியூப்பையும் அவரே ஒட்டினார்.

"யுத்த காலத்து எண்ணெய்த் தடை நேரம் இந்த றோட்டில பஸ், லொறி, அம்புலன்ஸ் எல்லாம் சைக்கிள்தான் தம்பி," என்றார். "இரவில சைக்கிளைக் கவிழ்த்து வைச்சுப் பெடலைச் சுத்தித்தான் டைனமோவில ரேடியோ கேட்டனாங்கள்." காசு நீட்டினேன், வாங்கவில்லை. ஒரு கை பாலைப்பழம் தந்து அனுப்பினார். பிசின் உதட்டில் ஒட்ட ஒட்டத் தின்றுகொண்டே அந்தக் காற்றுக்குள் தனியாக மிதித்தேன். தனியாக ஓடும்போதுதான் சோளகத்தின் முழுப் பாரமும் தெரிகிறது.

மாங்குளம் சேர்ந்தபோது பரிசு கொடுத்து முடிந்து, கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தம்பிக்கு இரண்டாமிடம். கடைசியில் அரைச் சில்லு வித்தியாசம் என்றார் அண்ணை. வேப்ப மரத்தின் கீழே ஐந்து சோற்றுப் பார்சலும் பிரிக்காமல் இருந்தன.

தம்பி எழும்பி வந்து என் சைக்கிளைப் பிடித்தான். என் பின்சில்லை முன்னமே கழற்றி, பல்வட்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வைத்திருந்தான். "அண்ணை, உங்கட சில்லு," என்று அவனே பூட்டிவிட்டான். கப்டன் அண்ணை வாகனத்துக்குப் போய் இருக்கைக்குக் கீழே இருந்து கச்சான் பையை எடுத்து வந்து, முதல் பிடியை என் கையில் கொட்டினார்.