மாத்தளையில் போட்டி: எங்கள் பெண்கள் ஹொக்கி அணியின் நாட்குறிப்பு

ஒக்டோபர் 3

போட்டி மாத்தளையில்தான் என்று உறுதியாகிவிட்டது. நடத்தும் ஊரின் அணி என்பதால் தகுதிச் சுற்று ஆடாமலே எங்களுக்கு ஓர் இடம். செய்தி கேட்டுப் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். எனக்கு அணிப் பட்டியலின் நினைவுதான் வந்தது. தேசிய அணிக்குத் தொடர்ந்து ஆட்களைக் கொடுத்துவரும் ஊர் இது. இங்கே பார்க்க வருகிறவர்களுக்கு ஹொக்கி தெரியும். மட்டையைப் பிடிக்கும் விதத்திலேயே எடைபோட்டுவிடுவார்கள்.

போன வருடத்து நடு ஹாஃபும் (முன்வரிசைக்குப் பின்னால், நடுக்களத்தில் ஆடுபவள்) முன்வரிசையில் இருவரும் வயதெல்லையைத் தாண்டிவிட்டார்கள். பயிற்சிக்கு வருகிறவர்கள் 24 பேர். பட்டியலில் 18 பேருக்குத்தான் இடம்.

ஒக்டோபர் 8

இன்று செயற்கைப் புல்தரையில் முதல் பயிற்சி. எங்கள் பாடசாலை மைதானம் செம்மண்ணும் சரளையும் கலந்தது. அங்கே பந்து எந்தக் கல்லில் பட்டு எங்கே எழும்பும் என்று சொல்ல முடியாது. அதனால் பிள்ளைகள் நிமிர்ந்து நின்று, மட்டையைச் செங்குத்தாகப் பிடித்தே பந்தை நிறுத்தப் பழகியிருக்கிறார்கள். நீர் தெளித்த தரையில் பந்து எழும்பாது, வழுக்கிக்கொண்டு வரும். முழங்காலை மடித்து, மட்டையைத் தரையோடு தரையாகச் சாய்க்காவிட்டால் பந்து அடியால் நழுவிப் போய்விடும்.

யாருடைய உடம்பு இதைச் சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறது என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மைதானத்தின் நட்சத்திரங்கள் இருவர் திணறினார்கள். இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் ஒன்பதாம் தரப் பிள்ளை அரை மணித்தியாலத்தில் குனிந்து ஆடத் தொடங்கிவிட்டாள். சிறிய உடம்பு, பெரிய ஓட்டம்.

ஒக்டோபர் 13

எல்லோரும் என்னிடம் கேட்பது, கோல் யார் அடிப்பார்கள் என்று. எனக்குள்ள கவலை பெனல்டி கோர்னரைத் தடுப்பது. எங்கள் கோலுக்கு அருகே நாங்கள் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு அது.

கோல் காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால். பந்தை மட்டையால் ஓங்கி அடித்தால், அந்த முதல் அடி கோலுக்குள் இருக்கும் 460 மில்லிமீற்றர் உயரப் பலகைக்கு மேல் போகக் கூடாது. ஆனால் இழுத்துத் தூக்கி எறியும் டிராக் ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. புல்தரையில் வளர்ந்த அணிகளில் அப்படி எறியத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பந்தின் எடை 160 கிராம் அளவு. முகக்கவசம் அணிந்துகொண்டு அதை நோக்கி நேராக ஓட ஒருத்தி வேண்டும். 24 பேரையும் ஓடவிட்டுப் பார்த்தேன். கடைசி அடியில் தோளைத் திருப்பாமல் ஓடியவள் அந்த ஒன்பதாம் தரப் பிள்ளை மட்டுமே.

ஒக்டோபர் 14

பகல் ஒரு மணிக்கே இடி. பயிற்சி இல்லை.

ஒக்டோபர் 19

தோட்டத்துக்குப் போய் அந்த ஒன்பதாம் தரப் பிள்ளையின் அம்மாவைப் பார்த்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் லயத்துக்கு வந்திருந்தார். “விளையாடட்டும் டீச்சர், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இருட்டிவிட்டால் மேல் டிவிஷனுக்கு பஸ் கிடையாது. பிள்ளை தேயிலைக்குள்ளே தனியாக நடந்து வர வேண்டும்” என்றார். இதற்குத் திறமை, வாய்ப்பு என்று பேசிப் பயனில்லை. பஸ்ஸுக்குத்தான் வழி பார்க்க வேண்டும். “சரி அக்கா, பயிற்சியைக் காலைக்கு மாற்றுகிறேன்” என்றேன். போட்டி முடியும்வரை டவுனில் சின்னம்மா வீட்டில் தங்கட்டும் என்று அவரே சொன்னார். தோட்டத்துப் பிள்ளைகளை அணியில் சேர்ப்பவர்கள் பயண நேரத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிட்ட பிள்ளைமீது பழி விழும். அதை நான் ஏற்கவே மாட்டேன்.

ஒக்டோபர் 24

17 பேர் முடிவாகிவிட்டார்கள். கடைசி இடத்துக்கு இருவர். ஒருத்தி பன்னிரண்டாம் தரத்து முன்வரிசைக்காரி. அவளுக்கு இதுதான் கடைசி வருடம். மற்றவள் நம் ஓட்டக்காரி.

ஆட்களை எத்தனை முறையும் மாற்றலாம்தானே, கோர்னர் கிடைக்கும்போது அவளை இறக்கினால் போதாதா என்று உதவிப் பயிற்றுநர் கேட்டார். முடியாது. கோர்னர் கொடுக்கப்பட்ட நொடியிலிருந்து அது முடியும்வரை, காப்பாளருக்குக் காயம் போன்ற நிலை தவிர, ஆள் மாற்ற விதி இடம் தராது. அவள் முன்பே களத்தில் நிற்க வேண்டும். அப்படியென்றால் அவள் ஆடவும் வேண்டும். ஓட்டத்துக்காக மட்டும் ஒருத்தியை எடுத்தால் மற்ற நேரமெல்லாம் பத்துப் பேரோடு ஆடுவது போலாகிவிடும். இடது ஹாஃபில் நிறுத்திப் பார்க்கப் போகிறேன்.

ஒக்டோபர் 28

டவுன் பாடசாலை ஒன்றுடன் பயிற்சி ஆட்டம், 1-2 என்று தோற்றோம். முதல் கால்பகுதியில் இடது பக்கம் இரண்டு முறை திறந்துபோனது. அவள் மிகவும் உள்ளே நின்றாள். “பந்தைப் பார்க்காதே, உன் ஆளைப் பார்” என்று இடைவேளையில் சொன்னேன். மூன்றாம் கால்பகுதியில் அந்தப் பக்கத்தால் யாரும் வரவில்லை. நாங்கள் கொடுத்த மூன்று கோர்னர்களில் இரண்டை ஓடியே கெடுத்தாள். மூன்றாவது அவள் முழங்கால் கவசத்தில் பட்டு வெளியே போனது. எழுந்து மறுபடி கோட்டுக்கு வந்து நின்றாள்.

பட்டியல் எழுதும் முன் பன்னிரண்டாம் தரத்துப் பிள்ளையைத் தனியாக அழைத்துக் காரணத்தை முழுவதும் சொன்னேன். அழுதாள். “டீச்சர், அவளுக்கு எதிராகக் கோர்னர் எறிந்து பழக்க ஆள் வேண்டுமே, நான் வரட்டுமா?” என்று கேட்டாள். வரச் சொன்னேன். அவளை ஒழுங்கான டிராக் ஃபிளிக் எறிய வைக்க வேண்டும், இரண்டு பேருக்கும் அது பலன்.

18 பெயர்களும் போய்விட்டன. நாளை காலை 6.30க்குத் தரை கிடைக்கும். காப்பாளர் இருவருக்கும் 8 வினாடி ஷூட்-அவுட் (ஆட்டம் சமனானால் ஒருத்தி தனியாகக் காப்பாளரை எதிர்கொள்வது) பயிற்சி முதலில், பிறகு கோர்னர்.