1 ஆகாது, 16 ஆகும்: அம்மாவின் கல்ச்சர் ரிப்போர்ட்

அம்மாவுக்கு 71 வயது, 20 வருடச் சர்க்கரை. ஒரு சனிக்கிழமை இரவு சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் இரண்டு போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. அவசரப் பிரிவில் கேட்டபோதுதான் உண்மை வந்தது. மூன்று நாளாக நீர்க்கடுப்பு; திருச்சியிலிருந்து கொண்டுவந்த அமாக்சிசிலினை எங்களுக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டிருக்கிறார். இங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கிடைக்காது என்பதால் ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் எங்கள் பிஸ்கட் டின் நிரம்பிவிடும்.

இரண்டு கையிலும் தனித்தனியாக ரத்தம் எடுத்தார்கள். ஒரு கை ரத்தத்தில் மட்டும் கிருமி வளர்ந்தால், தோலில் இருந்தது கலந்துவிட்டதோ என்ற சந்தேகம் வருமாம். சிறுநீரும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, போனது. உடனே செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கை ஏற்றினார்கள். என்ன கிருமி என்றே தெரியாமலா? முழு முடிவு வர 2, 3 நாளாகும், அதுவரை சும்மா இருக்க முடியாது என்றார் டாக்டர்.

திங்கட்கிழமை கிருமியின் பெயர் ஈ.கோலி என்று தெரிந்தது. காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. பெயர் தெரிந்தும் ஏன் மருந்தை மாற்றவில்லை என்று எனக்குக் கோபம். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா மகளுக்கு போன் போட்டேன். "மாமா, பெயர் ஒன்றுதான், குணம் ஆளுக்கு ஆள் வேற" என்றாள். கிருமியை அகர் என்ற கூழ் நிரப்பிய தட்டில் பூசி, மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைத்து, 35 டிகிரியில் ஓர் இரவு விடுவார்களாம். மருந்துக்கு அடங்கும் கிருமி வில்லையைச் சுற்றி வளராது. அந்த வெற்று வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். இன்னொரு முறையில் 1, 2, 4, 8, 16 என்று மருந்தை இரட்டித்துக்கொண்டே போய், எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்ப்பார்கள். அந்த எண்தான் எம்ஐசி. எப்படியும் கிருமி வளர ஓர் இரவு வேண்டும், அவசரப்பட்டு ஆவதில்லை.

செவ்வாய் காலை டாக்டர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். ஆம்பிசிலின், ஆர்; கிருமி அந்த மருந்துக்கு அடங்காது என்று அர்த்தம். அம்மா விழுங்கியதன் உடன்பிறப்பு. செஃப்ட்ரையாக்சோனும் ஆர். இந்தக் கிருமி ஈஎஸ்பிஎல் என்ற நொதியைச் சுரந்து அந்த வகை மருந்துகளை வெட்டிப்போடுகிறதாம். சிப்ரோஃபுளோக்சசின் எம்ஐசி 1, ஆர். நைட்ரோபியூரன்டோயின் 16, எஸ்; அதாவது அடங்கும்.

"1 ஆகாது, 16 ஆகுமா?" என்று கேட்டேன். கணக்கில் நான் அவ்வளவு மோசமில்லை. ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது என்றார் டாக்டர். ஒவ்வொன்றுக்கும் தனி எல்லைக்கோடு, உடம்பில் அந்த மருந்து எவ்வளவு சேரும் என்பதையும் பார்த்துப் போட்டது. சரி, 16 என்று வந்த அந்த மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்களேன் என்றேன். அது சிறுநீரில்தான் சேரும், ரத்தத்தில் நிற்காது. அம்மாவுக்குக் கிருமி ரத்தத்திலேயே இருக்கிறது. ஜென்டாமைசினும் எஸ்தான், ஆனால் அம்மாவின் சிறுநீரகம் தாங்காது. ஆக, எஸ் போட்டதெல்லாம் நமக்கு ஆகும் என்றில்லை. எர்டாபெனம் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கினார்கள். புதன் இரவு காய்ச்சல் விட்டது.

அன்றே தாதியர் மேலங்கியும் கையுறையும் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். "நான் என்ன தீட்டா?" என்று அம்மாவுக்கு அழுகை. "பக்கத்துக் கட்டிலுக்கு இது போகக்கூடாதும்மா, அவ்வளவுதான்" என்று சிவகங்கைக்காரத் தாதி சொன்னபிறகே சமாதானமானார்.

சிறுநீர்க் குழாய் வழியே எடுத்த இன்னொரு மாதிரியில் கேண்டிடா பூஞ்சை வளர்ந்தது. பூஞ்சை மருந்தான ஃபுளுகோனசோலுக்கு எஸ்ஸா ஆரா என்று நான் தயாராக நின்றேன். அந்தச் சோதனையே செய்யவில்லையாம். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. குழாயில் சும்மா குடியேறியது, குழாயை எடுத்தால் போதும் என்றார்கள். எடுத்தார்கள், போய்விட்டது.

மீதி ஊசிக்கு மேல்கையில் மெல்லிய குழாய் பொருத்தி, தினம் ஒரு வேளை வந்து ஏற்றிக்கொள்ளச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டை என் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன்; அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் காட்ட வேண்டும்.

வந்த அன்று பிஸ்கட் டின்னைக் காலி செய்துகொண்டிருந்தேன். அம்மா போனில் திருச்சிச் சித்தியிடம் முழுக்கதையும் சொல்லி முடித்தார். ஸ்பீக்கரில் சித்தியின் குரல் கேட்டது: "அமாக்சிசிலின் கேக்கலையா? என்கிட்ட சிப்ரோ இருக்கு, யாராவது வந்தா குடுத்து விடட்டுமா அக்கா?"