கண்ணாடியில் படிந்த கரி

நேற்று ராத்திரி புது கேஸ் ஃபயர்பிளேஸை மூன்று மணி நேரம் எரியவிட்டேன். அணைத்து நன்றாக ஆறவிட்டு, காலையில் கண்ணாடியைக் கழற்றி உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி கரியில்லாமல் வெள்ளையாகவே வந்தது. ஐந்து வாரமாக இதற்காகத்தான் காத்திருந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை, அதான் இதை எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் இருக்கும் எங்கள் மிட்ராண்டில் ஜூன், ஜூலை குளிர்கால ராத்திரி எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே புல்லில் உறைபனி, உள்ளே டைல்ஸ் தரை ஐஸ் மாதிரி. கரண்ட் ஹீட்டரை நம்பி 2022, 2023இல் லோட் ஷெட்டிங்கில், அதாவது முறைவைத்துச் செய்த மின்வெட்டில், பட்ட பாடு போதும் என்றுதான் கேஸ் ஃபயர்பிளேஸ் பக்கம் வந்தேன். பைலட் என்னும் சின்னப் பற்றவைக்கும் சுடரின் சூட்டிலேயே வால்வு வேலை செய்யும் மாடலாகப் பார்த்து எடுத்தேன். கரண்ட் போனாலும் எரியும். புகைபோக்கி பேலன்ஸ்டு ஃப்ளூ வகை: குழாய்க்குள் குழாய். உள்ளே இருக்கும் 100 மி.மீ. குழாயில் புகை வெளியே போகும், அதைச் சுற்றியிருக்கும் 150 மி.மீ. குழாயில் வெளிக்காற்று உள்ளே வரும். அறைக்காற்றைத் தொடவே தொடாது. அம்மா ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கப்போகிறார்கள் என்னும்போது, ஃப்ளூ இல்லாத ஹீட்டரை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கேஸ் வேலையில் நான் கை வைக்கவில்லை. பதிவுபெற்ற இன்ஸ்டாலர்தான் செய்தார். ஜோஹன்னஸ்பர்க்கின் லெனேசியாக்காரர், தமிழர், நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். சுவரை உடைப்பது, சட்டம் அடிப்பது, போர்டு மூடுவது மட்டும் என் பங்கு. வினையே அங்கேதான் வந்தது.

முதல் வாரமே கண்ணாடியில் மேல் இரண்டு மூலையிலும் கறுப்பு. சுடர் மஞ்சளாக, சோம்பலாக, மேலே போய் நாக்கு நாக்காகப் பிரிந்தது. நான் உடனே பழியைப் போட்டது உயரத்தின் மேல். நாங்கள் இருப்பது கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 1,600 மீட்டர். கடலோரத்து டர்பனில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால் இங்கே 84 பக்கம். பருப்புக்கே குக்கரில் இரண்டு விசில் கூட வைக்க வேண்டிய ஊர். காற்று மெலிந்திருக்கிறது, கேஸ் முழுசாக எரிய ஆக்ஸிஜன் போதவில்லை, அதனால் கரி. கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. மேனுவலிலும் உயரமான இடங்களுக்கென்று தனிப் பக்கமே இருக்கிறது. அண்ணா அதன்படி கேஸ் வரும் துளையான ஜெட்டை மாற்றி, காற்று வரும் ஏர் ஷட்டரைத் திறந்துவைத்தார். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

அடுத்து, விறகு மாதிரி பர்னர்மேல் அடுக்கும் செராமிக் கட்டைகள். இதை எல்லோரும் அழகுக்கு அடுக்குவதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சுடர் நேராகக் கட்டையில் மோதினால் மோதும் இடத்தில் குளிர்ந்து, எரியாத கரி அங்கேயே பிரிந்து விழும். மேனுவல் படத்தில் இருக்கிற இடத்திலிருந்து ஒரு கட்டை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து கட்டையையும் எடுத்து, பர்னரைத் தூசி தட்டி, டார்ச் அடித்து ஒவ்வொன்றும் அதன் முளையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். நான்கு முறை. கரி குறைந்ததே தவிர நிற்கவில்லை.

போன சனிக்கிழமை அண்ணா புகை அளக்கும் கருவியோடு வந்தார். காற்றே இல்லாத காலை. ஃபயர்பிளேஸை முழு வேகத்தில் வைத்துவிட்டு வெளியே போய், சுவரில் இருக்கும் முனையின் மூடியைக் கழற்றி, இரண்டு குழாய்க்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் கருவியின் மூக்கை நுழைத்தார். அந்த இடைவெளியில் போவது வெறும் வெளிக்காற்று. அதில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம் இருக்க வேண்டும். கருவி 18.6 காட்டியது.

"இது உயரம் இல்லே தம்பி, பைப்பு" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலை உச்சிக்கே போனாலும் ஆக்ஸிஜனின் சதவீதம் மாறாது, 20.9தான். அழுத்தம்தான் குறையும். சதவீதம் குறைகிறது என்றால் அந்தக் காற்றில் புகை கலக்கிறது என்று அர்த்தம். உள்குழாய் எங்கேயோ விட்டுப்போய், வெளியே போக வேண்டிய புகை வருகிற காற்றோடு சேர்ந்து மறுபடி பர்னருக்கே போயிருக்கிறது. அடுப்பு தன் புகையையே திரும்பத் திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது.

எப்படி விட்டது? நான்தான். அண்ணா குழாயெல்லாம் பொருத்திவிட்டுப் போன பிறகு, முகப்பில் ஒட்டப்போகும் கல்லுக்குச் சமமாக வர வேண்டும் என்று ஃபயர்பிளேஸ் பெட்டியை ஒன்றரை சென்டிமீட்டர் முன்னால் இழுத்தேன். வெளிக்குழாய் ஆழமாகச் செருகியிருந்ததால் அது விடவில்லை. பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே எல்போ என்னும் வளைவுத் துண்டு சேரும் இடத்தில் சின்னக் குழாய் சாய்ந்துவிட்டது. மேல்பக்கம் மாட்டியபடி இருக்கிறது, கீழ்ப்பக்கம் விரல் நுழையும் அளவு பிளவு. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நகர்த்தியது என் தப்பு. வெளிக்குழாயும் கண்ணாடியும் காற்றுப்புகாமல் இருந்ததால் புகை அறைக்குள் வரவில்லை. கார்பன் மோனாக்ஸைடு அலாரமும் ஒருநாளும் கத்தவில்லை. ஆனாலும் அம்மா அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

மூடிய போர்டை வெட்ட வேண்டியதாயிற்று. கால்சியம் சிலிகேட் போர்டு மலிவு இல்லை. அண்ணா எல்போவைக் கழற்றி, சூடு தாங்கும் பசை பூசி, மேனுவல் சொல்லும் இடங்களில் திருகு போட்டு மறுபடி சேர்த்தார். படுக்கைவாட்டுக் குழாய் வெளிப்பக்கம் போகப் போக மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் ஏற வேண்டும் என்பதையும் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தோம். மறுபடி அளந்தபோது 20.8. வெட்டிய இடத்தில் திருகு போட்ட ஒரு கதவு வைத்திருக்கிறேன். நீங்கள் பேலன்ஸ்டு ஃப்ளூ வைப்பதாக இருந்தால் எல்போவுக்கு நேராக ஆரம்பத்திலேயே கதவு விடுங்கள். பெட்டி அசைந்தால், அரை சென்டிமீட்டர் ஆனாலும், இந்த ஆக்ஸிஜன் அளவை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இது சரியாகும்வரை சி.ஓ.சி., அதாவது கேஸ் வேலை விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ், தர மாட்டேன் என்று அண்ணா நின்றதை நான் மதிக்கிறேன். அந்தச் சான்றிதழ் இல்லாமல் இன்ஷூரன்ஸ்காரரிடம் போய் நிற்க முடியாது. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சிலிண்டர் இன்னும் கூண்டில்லாமல் நிற்கிறது. 48 கிலோ இரண்டு. நான் முதலில் குறித்த இடம் பின்கட்டில், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில். எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் பள்ளம் தேடிப் போய்த் தங்கும். சாக்கடையிலிருந்து இரண்டு மீட்டர், கதவு ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித்தான் வைக்க வேண்டும். பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றியதில் செம்புக்குழாய் ஆறு மீட்டர் கூடிவிட்டது. 8 கிலோவாட்டில் ஓட்டினால் மணிக்கு அறுநூறு கிராம் சொச்சம் எரிகிறது. ராத்திரி நாலு மணி நேரம் என்றால் ஒரு சிலிண்டர் மூன்று வாரத்தை எட்டாது. குளிர் முடியும்வரை எத்தனை வாங்க வேண்டியிருக்கும் என்று கணக்கு எழுதிவைக்கிறேன்.

முகப்புக் கல்லே இன்னும் ஒட்டவில்லை, அதற்குள் ஃபயர்பிளேஸுக்கு மேலே சுவரில் ஒரு மரப்பலகை வைக்கும் ஆசை வந்துவிட்டது. ஜோஹன்னஸ்பர்க்கில் ஸ்ட்ரைடம் பார்க் பக்கம் ஒரு மரக்கடையில் கியாட் என்னும் மரத்தின் பலகை பார்த்தேன். நம்மூர் வேங்கைக்குச் சொந்தக்கார மரம், அதே செம்பழுப்பு ரேகை. தொட்டதும் எங்கள் தாத்தா வீட்டு ஊஞ்சல் ஞாபகம் வந்தது. மரம் என்பதால் பெட்டிக்கு மேலே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று மேனுவலில் ஒரு அட்டவணை இருக்கிறது. பலகையின் அகலம் கூடக் கூட உயரமும் கூடும். இந்த ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டியை வெட்டி அந்த அளவில் சுவரில் ஒட்டிப் பார்க்கப்போகிறேன்.