குட்டைக் கரைக்கு எந்த டயர்?

வண்டிக்கு டயர் மாற்றப் போகிறேன் என்றதும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "பட்டன் நன்றாகத்தானே இருக்கிறது?" என்பதுதான். இருந்தது, மறுக்கவில்லை. பட்டன் என்பது டயரின் தரையில் படும் பக்கத்தில் எழும்பி நிற்கும் ரப்பர். டயர் பள்ளத்துக்குள் குறுக்காக ஒரு சிறு ரப்பர் கட்டை இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்தக் கட்டைக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் கணக்கு முடிந்தது என்று பொருள். என் டயர்கள் அதுவரை தேயவில்லை. ஆனால் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்கள் 3117. அதாவது 2017-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் செய்தது. அத்தனை வருட வெயிலும் உப்புக் காற்றும் அதன்மேல் ஏறியிருக்கின்றன. டயர் உட்காரும் இரும்பு வளையமான டிஸ்க்கை ஒட்டிய இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள் வாய் திறந்தன. ரப்பர் இப்படி இறுகிப்போன பிறகு பட்டன் எவ்வளவு உயரம் நின்றாலும் ஈரத் தார்ச்சாலையில் அது பிடிக்காது.

வண்டி 2012-இல் அப்பா வாங்கிய பொலிரோ, ஃபோர் வீல் டிரைவ். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனபோது எங்கள் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதற்கடுத்த ஆண்டு அப்பா கடன் வாங்கி இரண்டு பொருள்களை வாங்கினார்: ஒரு பெரிய ஜெனரேட்டர், இந்த வண்டி. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில். இறால் குட்டைகள் பரங்கிப்பேட்டைப் பக்கம், வெள்ளாற்றின் உப்பங்கழியை ஒட்டி. வளர்ப்பது வனாமி வகை இறால். பகலில் குட்டைத் தண்ணீரில் இருக்கும் பாசி ஆக்சிஜனைக் கொடுக்கும். இரவில் அதுவும் இறாலோடு போட்டி போட்டுக்கொண்டு ஆக்சிஜனை எடுக்கத் தொடங்கிவிடும். அதனால் விடியலுக்கு முந்தைய நேரம்தான் கண்டம். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு நான்கு மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் இறால் தவிக்கும், தீவனம் எடுக்காது. இன்னும் இறங்கினால் மேலே வந்து கரையோரம் ஒதுங்கும். அதைப் பார்த்த பண்ணைக்காரன் அன்றைக்குச் சோறு தின்ன மாட்டான். தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றும் ஏரேட்டர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓட வேண்டும், அதற்கு டீசல் வேண்டும், டீசலைக் கொண்டு சேர்க்க வண்டி வேண்டும். மின்சாரம் எப்போது போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில், ஊர் உறங்கும் நேரத்தில், இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் கரையின்மேல் வண்டி போக வேண்டும். கரையின் அகலம் வண்டியின் அகலத்தைவிட இரண்டு முழம் கூட இருந்தால் அதிகம்.

இந்த ஊரில் டயர் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. முதலில் வந்தவன் சென்னையில் பொறியியல் படிக்கும் அக்கா மகன். "மாமா, எம்.டி. போடுங்கள். 235 அளவில் போடுங்கள். வண்டி அப்படியே எழுந்து நிற்கும்" என்றான். கைப்பேசியில் படங்களும் காட்டினான். படங்களில் வண்டி எழுந்துதான் நின்றது.

தெரியாதவர்களுக்காக: இந்த வகை வண்டிகளுக்கு வரும் டயர்கள் பெரும்பாலும் மூன்று சாதி. எச்.டி. என்பது சாலைக்கானது, பள்ளங்கள் நெருக்கம், சத்தம் குறைவு, தாரில் நல்ல பிடிப்பு. எம்.டி. சேற்றுக்கானது, கட்டை கட்டையாகப் பட்டன், நடுவே அகலமான இடைவெளி, பக்கவாட்டிலும் முரட்டு வேலைப்பாடு. ஏ.டி. இரண்டுக்கும் நடுவே. "சேற்றில் போகிறவனுக்குச் சேற்று டயர்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எங்கள் கரையில் அந்த நியாயம் செல்லாது.

சேற்று டயர் வேலை செய்யும் முறையைப் பாருங்கள். இடைவெளியில் அடைத்துக்கொண்ட களி வெளியே தெறித்தால்தான் அடுத்த சுற்றில் பட்டன் மறுபடி கடிக்கும். தெறிக்க வேண்டுமானால் சக்கரம் வேகமாகச் சுழல வேண்டும். பந்தயத் திடலில் அது சரி. குட்டைக் கரையில் நாங்கள் முதல் கியரில், நடக்கும் வேகத்தில், ஆக்சிலேட்டரில் கால் வைத்தும் வைக்காமலும் போகிறவர்கள். சக்கரத்தைச் சுழலவிட்டால் வண்டி முன்னே போகாது, பக்கவாட்டில் போகும். பக்கத்தில் இருப்பது தண்ணீர். இன்னொன்று, கரையின் உடம்பு களிமண்ணானாலும் மேலே செம்மண் கிராவல் கொட்டி இறுக்கியிருக்கிறோம். அந்தக் கிராவலை எம்.டி. டயர் கலப்பையைப் போல உழுதுவிடும். ஒரு மழைக்காலம் ஓட்டினால் போதும், மறுபடி லாரி லாரியாகக் கிராவல் அடிக்க வேண்டியதுதான். எங்கள் கரையில் மழைக்குத் தேங்குவது மேலாக ஒரு விரல்கடைச் சேறு, அடியில் கெட்டி. அதற்கு அகலம் குறைந்த டயரே நல்லது. சேற்றை விலக்கி அடியில் உள்ள கெட்டியைத் தொட்டுவிடும். அகல டயர் சேற்றின் மேலேயே மிதக்கும்.

பிறகு 235. பையன் பொறியியல் மாணவன் ஆயிற்றே என்று தாளை எடுத்து அவனையே கணக்குப் போடச் சொன்னேன். இப்போது இருப்பது 215/75 ஆர் 15. அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 75 விழுக்காடு, டிஸ்க் 15 அங்குலம். மொத்த உயரம் 703.5 மில்லிமீட்டர். 235/75 ஆர் 15 என்றால் 733.5. வித்தியாசம் 30 மில்லிமீட்டர். வண்டியின் வயிறு தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, 15 மில்லிமீட்டர். ஒரு விரல் அகலம் கூட இல்லை. இதற்கு விலையாகச் சுற்றளவு நான்கு விழுக்காடு கூடுகிறது. வேகமானியின் முள் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 83-க்கு மேல் ஓடும். அதுகூடப் பரவாயில்லை. கியர் அனைத்தும் அதே நான்கு விழுக்காடு நீண்டுவிடும், கரையில் ஊர்ந்து போகும்போது கிளட்சைக் கூடுதலாக மிதிக்க வேண்டிவரும். ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது. கனமான டயர் ஏறினால் கதவின் கீல் தாழ்ந்துவிடும். ஏற்கெனவே அந்தக் கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் சாத்துகிறோம். கணக்கு முடிந்ததும் பையன், "ஆனால் பார்க்க நன்றாக இருக்கும் மாமா" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அது உண்மை.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று: இந்த வண்டியின் வாழ்நாளில் பெரும்பகுதி தார்ச்சாலையில்தான் கழிகிறது. கடலூரிலிருந்து சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகப் போய் வருவது. சாலை நான்கு வழியானபின் வேகமும் கூடிவிட்டது. மழையில், பின்னால் தீவன மூட்டைகளோடு, திடீரென்று குறுக்கே வரும் மாட்டுக்காகப் பிரேக் அடிக்கும்போது உயிரைக் காப்பது எம்.டி.யின் முரட்டுக் கட்டைகள் அல்ல. தாரோடு ஒட்டும் ரப்பரின் பரப்பு எம்.டி.யில் குறைவு, ஈரத்தில் நிற்க நேரம் எடுக்கும். ஆகவே என் தேர்வு எச்.டி.க்கும் ஏ.டி.க்கும் இடையில் என்று சுருங்கியது. எச்.டி.யை விலக்கியதற்குக் காரணம் சிப்பி.

உப்பங்கழியைத் தூர்வாரி எடுத்த மண்ணில் கட்டிய கரைகளில் பழைய ஆளிச் சிப்பிகள் கத்தி போல நிமிர்ந்து நிற்கும். மிதிபடும் பரப்பில் குத்தினால் பஞ்சர், ஒட்டிக்கொள்ளலாம். பக்கச்சுவரைக் கிழித்தால் டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஏ.டி. டயரின் தோள்பட்டையில் ரப்பர் தடிமன், வெட்டைத் தாங்கும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. குட்டையில் பறவை இறங்காமல் வலை கட்டச் சவுக்குக் கம்பு எடுக்க அன்னங்கோயில் பக்கம் மணலில் இறங்குவோம். மணலில் எந்த டயரானாலும் சரி, காற்றை 16, 18 பவுண்டுக்கு இறக்கினால்தான் வண்டி நகரும். டயர் தரையில் நீளமாகப் படிந்து பாரத்தைப் பரப்பிக்கொள்ளும். முழுக்காற்று வைத்த எம்.டி. சிக்கிக்கொள்ளும் மணலில் காற்று இறக்கிய சாதாரண டயர் போய்விடும். ஆனால் காற்று இறங்கிய டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். அப்படியே சிப்பிக் கரைக்குப் போனால் சிப்பிக்கு விருந்து. அதனால் வண்டியிலேயே காற்றடிக்கும் சிறு மோட்டார் இருக்கிறது. டயரைவிட அதுதான் நான் வாங்கியதில் நல்ல பொருள் என்று சில நாள் தோன்றும்.

டயர் வாங்கியது கடலூரில். செப்டம்பர் 22, 2025 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறையும் என்று அறிவித்திருந்ததால் அதுவரை பொறுத்திருந்தேன். வரிக்கு முன் ஒரு டயர் 7,000 ரூபாய் என்று வைத்தால் 700 ரூபாய் மிச்சம், ஐந்துக்கு 3,500. மழைக்கு முன்னால் வாங்கியாக வேண்டும், வரி குறைந்த பின்னால் வாங்க வேண்டும். இடையில் கிடைத்தது சில வாரங்கள்தான்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்த டயரில் வாரக் குறி 1023 என்று இருந்தது. பார்வைக்குக் கறுகறுவென்று புதிதாகத்தான் இருந்தது. "கிடங்கில் நிழலில் இருந்தது சார், ஒன்றும் ஆகாது" என்றார். நிழலில் வைத்தது ஓரளவு தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் 2023-இல் செய்ததற்கு இன்றைய விலையை ஏன் கொடுக்க வேண்டும்? இரண்டு நாளில் வேறு வரவழைத்துத் தந்தார், குறி 2925. ஐந்தும் அதே வாரம். இன்னொரு டயரைப் புரட்டிப் பார்த்தபோது பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் நடுவே பனித்துளிப் பூவும் பொறித்திருந்தது. கடும்பனியிலும் ஓடும் என்ற சான்று. கடலூரில் பனி என்றால் மார்கழிக் காலையில் கண்ணாடியைத் துடைப்பதுதான்.

எந்த நிறுவனம் என்று கேட்பீர்கள். எம்.ஆர்.எஃப்., அப்போலோ, சியட், ஜே.கே., யோகோஹாமா எல்லோரிடமும் இந்த வகை உண்டு. மாமனாருக்கு எம்.ஆர்.எஃப். தவிர வேறு கூடாது. புதுச்சேரி நெட்டப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஏரிப்பாக்கத்தில் அவர்கள் ஆலை இருப்பதால் அது அவருக்குச் சொந்த ஊர் டயர். நான் பெயரைவிடப் பக்கச்சுவரில் இருந்த பார எண்ணைத்தான் பார்த்தேன். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 102 என்றால் 850. இருபத்தைந்து கிலோ தீவன மூட்டை இருபது ஏற்றினால் அரை டன். அது முழுக்கப் பின் அச்சின்மேல்தான் உட்காரும். அளவு ஒன்றாகவே இருந்தாலும் பார எண் மாறலாம், கேட்டு வாங்க வேண்டும். 100-க்குக் குறைந்தால் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

மாட்டியது மட்டும் பி.முட்லூரில், எங்கள் பஞ்சர் கடை பாயிடம். கடலூர்க் கடையில் இலவசமாகவே மாட்டித் தருவார்கள், இயந்திரமும் உண்டு. ஆனால் பின் இடது சக்கரத்தில் பல மாதமாக மெல்லக் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை. பாய் சோப்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, "பொறுங்கள் தம்பி" என்று குந்தி உட்கார்ந்தார். டயரும் டிஸ்க்கும் சேரும் விளிம்பில் கடுகளவு நுரை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தது. டயரைக் கழற்றி டிஸ்க்கின் உள்விளிம்பைக் காட்டினார். வெளியே வெள்ளிப் பூச்சு பளபளக்க, உள்ளே டயரின் உதடு உட்காரும் இடத்தில் துரு செதில் செதிலாகப் பொங்கியிருந்தது. விரலால் தள்ளினால் பெயர்ந்து வந்தது. குட்டைக் கரையின் உப்புச் சேறு செய்த வேலை. "இதன்மேல் தங்கத்தில் டயர் போட்டாலும் காற்று நிற்காது" என்றார். ஐந்து டிஸ்க்கையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்துக் காயவைத்து, அதன்பிறகுதான் டயரை ஏற்றினார். ஒரு பகல் முழுக்கப் போயிற்று. காற்றடிக்கும் வால்வான மவுத்து ஐந்தையும் புதிதாக மாற்றினார்; பழைய மவுத்தே போதுமே என்ற என் யோசனையை அவர் காதிலேயே வாங்கவில்லை.

ஐந்து ஏன் என்று கேட்டவர்களுக்கு: ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும் வண்டி இது. புது டயர் இரண்டு, தேய்ந்த டயர் இரண்டு என்று போட்டால் சுற்றளவு மாறி, இழுபறி முழுவதும் கியர்ப் பெட்டியில் இறங்கும். ஸ்டெப்னியும் அதே அளவில், அதே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இனி ஐந்தையும் சுழற்சியில் மாற்றிப் போடுவதாக ஏற்பாடு.

மழை தொடங்கிவிட்டது. கரையில் வண்டி நேராகப் போகிறது, அதற்குமேல் ஒரு டயரிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. சாலையில் முன்பைவிட லேசாக இரைச்சல் கேட்கிறது. பாட்டு போட்டால் தெரியாது. டீசல் கொஞ்சம் கூடுதலாகக் குடிப்பதாகத் தோன்றுகிறது, அளந்து பார்க்கவில்லை. தீபாவளிக்கு வந்த அக்கா மகன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "சின்னதாகத்தான் இருக்கிறது மாமா" என்றான். 235 போட்டே தீருவேன் என்பவர்கள் அவனிடம் பேசிக்கொள்ளலாம். சொந்த வண்டி வாங்கும்வரை அவனுக்கு நேரம் நிறைய இருக்கிறது.