ஊசி போட்டால் கண் போகுமா?

டெக்சஸின் தெற்குக் கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் ஒரு கிளினிக்கில் எனக்கு வேலை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மெக்சிகோ வம்சாவளியினர், பாதிக்குமேல் சர்க்கரை நோயாளிகள். "இவங்க சாப்பாடுதான் பிரச்சினை" என்று வந்த புதிதில் எல்லாரும் சொன்னார்கள். சாப்பாட்டைப் பேசிச் சரிக்கட்டிவிடலாம். தோர்தியா என்பது இவர்களுடைய சப்பாத்தி மாதிரி ரொட்டி. பெரிய கோதுமைத் தோர்தியா ஒன்றின் மாவுச்சத்து, சிறிய மக்காச்சோளத் தோர்தியா இரண்டு மூன்றுக்குச் சமம் என்று காட்டினால் வீட்டம்மாக்கள் டக்கென்று பிடித்துக்கொள்வார்கள். சர்க்கரைக்கு நல்லது என்று சப்பாத்திக்கள்ளி மடலைப் பொரியல் மாதிரி வதக்கிச் சாப்பிடுகிறார்கள். தாராளமாகச் சாப்பிடட்டும், மாத்திரையை நிறுத்தாதவரை.

இன்சுலின் என்று வாயைத் திறந்தால்தான் முட்டுக்கட்டை. ஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 11, 12 சதவீதம் என்று நிற்கும். மாத்திரைகள் தோற்றிருக்கும். "வேண்டாம் டாக்டர், அக்காவுக்கு ஊசி ஆரம்பிச்சாங்க, கொஞ்ச நாள்லயே கண்ணு போச்சு." இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. கண் போனது நிஜம். காப்பீடு கிடையாது, லீவு போட்டால் கூலி போகும். வருஷக்கணக்கில் ஏறிக்கிடந்த சர்க்கரை விழித்திரையைக் கெடுத்து முடித்த பிறகுதான் ஊசி கைக்கு வந்திருக்கும். பழி மட்டும் ஊசிமேல். தவிர, ரொம்ப உயர்ந்த சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால், முன்பே பழுதான விழித்திரை கொஞ்ச காலம் இன்னும் மோசமாகலாம் என்பதும் உண்மைதான். அதனால் முதலில் கண் பரிசோதனை, அப்புறம்தான் ஊசிப் பேச்சு.

அந்தப் பேச்சையும் நான் பேசுவதைவிட எங்கள் ப்ரொமோதோரா பேசினால் எடுபடும். அதே தெருக்களில் வளர்ந்து, பயிற்சி பெற்று, வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பணியாளர் அவர். அவருக்கும் சர்க்கரை உண்டு. சட்டையைக் கொஞ்சம் தூக்கி, தொப்புளுக்கு நான்கு விரல் தள்ளி, 4 மில்லிமீட்டர் ஊசியைத் தன் வயிற்றில் குத்திக்கொண்டே பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதையை நிறுத்தாமல் சொல்வார். எதிரே இருப்பவர் ஊசியைப் பார்ப்பார், பிறகு ப்ரொமோதோராவின் கண்ணைப் பார்ப்பார்.

ராத்திரி 10 யூனிட்டில் தொடங்குவோம். ஒத்துக்கொண்டதும் அடுத்த கேள்வி, விலை. விலை கட்டுப்படியாகாதவர்கள் எல்லைப் பாலம் தாண்டி, மெக்சிகோ பக்கத்து ஊரான நுவேவோ ப்ரோக்ரேசோவில் மருந்து வாங்கி வருகிறார்கள். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. வாங்கியதைக் கொண்டுவந்து காட்டுங்கள், இந்த வெயிலில் காரிலேயே விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.