விளக்கு சிமிட்டும் போர்டு: கிருஷ்ணகிரி நாட்குறிப்பு

ஜூன் 7

மாந்தோப்பு மோட்டார் அறைக்கு ஒரு சிமிட்டும் விளக்கு செய்வதற்காக, பெங்களூரு எஸ்.பி. சாலையில் வாங்கிய ஆர்டுயினோ ஊனோ என்னும், நாமே நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் போர்டை இன்று மடிக்கணினியுடன் இணைத்தேன். இது மூலப் போர்டின் நகல் என்பதால் யூஎஸ்பி தொடர்புக்குச் சிஎச்340 என்னும் சிப் இருக்கிறது. அதற்குரிய டிரைவர் மென்பொருளை நிறுவிய பின்னரே கணினியின் இணைப்பு வாயில்களின் (போர்ட்) பட்டியலில் இதன் பெயர் தென்பட்டது. உதாரணங்களில் உள்ள 'பிளிங்க்' நிரலை ஏற்றியதும், தரவு அனுப்புவதையும் பெறுவதையும் காட்டும் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் விளக்குகள் படபடத்து அடங்கின. பிறகு 'எல்' எழுத்தருகே உள்ள விளக்கு ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணையத் தொடங்கியது. அது போர்டின் 13ஆம் பின்னோடு, அதாவது இணைப்பு முனையோடு, இணைந்தது. நிரலில் 'செட்டப்' என்னும் பகுதி ஒரே முறையும், 'லூப்' என்னும் பகுதி மின்சாரம் உள்ளவரை திரும்பத் திரும்பவும் ஓடுகின்றன.

ஜூன் 8

வெளியே ஒரு சிவப்பு எல்இடியைப் பொருத்தினோம். நீண்ட கால் பின்னுக்கு, குட்டைக் கால், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் வழியாக, பூஜ்ய வோல்ட் முனையான கிரவுண்டுக்கு. ரெசிஸ்டரின் பட்டைகளை அக்கா மகள்தான் படித்துச் சொன்னாள்: சிவப்பு, சிவப்பு, பழுப்பு; அதாவது 220 ஓம். பின் தரும் 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 3 வோல்ட்டை 220ஆல் வகுத்தால் 14 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. போர்டின் மூளையான ஏடிமெகா328பி சிப்பின் ஒரு பின் தாங்கும் உச்சவரம்பு 40 மில்லிஆம்பியர் என்றாலும், 20ஐத் தாண்டாமலிருப்பதே நல்லது. ரெசிஸ்டர் இல்லாமலும் விளக்கு எரியும் என்பார்கள். எரியும்தான்; எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

ஜூன் 10

மின்தடை. போர்டைப் பவர் பேங்கில் இணைத்தேன். நிரல் ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால் கணினியின்றியே ஓடியது. ஆனால் இவ்வளவு சிறிய மின்னோட்டத்தைப் பொருட்படுத்தாத பவர் பேங்க் சற்று நேரத்தில் தானே அணைந்துகொண்டது. மோட்டார் அறைக்குச் செல்போன் சார்ஜரே பொருத்தம்.

ஜூன் 14

எனக்குத் தேவை இரண்டு விளக்குகள்: மாந்தோப்பு மோட்டார் அறையில் எல்லாம் சீராக இருந்தால் பச்சை மெதுவாகச் சிமிட்ட வேண்டும், தொட்டி நிரம்பினால் சிவப்பு வேகமாகச் சிமிட்ட வேண்டும். நிரலைக் காத்திருக்கவைக்கும் 'டிலே' கட்டளையால் இது ஒழுங்காக நடக்காது. நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகளில் இயங்கும் சிப், 'டிலே(1000)', அதாவது ஆயிரம் மில்லிநொடி காத்திரு, என்றதும், மடையைத் திறந்துவிட்டு வரப்பிலேயே நின்றுவிட்ட ஆளைப்போல வேறெதையும் பார்க்காமல் நிற்கிறது. ஒரு விளக்கின் காத்திருப்பு மற்றதன் மேல் ஏறிவிடுகிறது.

மாற்று வழி 'மில்லிஸ்' என்னும் கட்டளை. போர்டு உயிர்பெற்றதிலிருந்து கடந்த மில்லிநொடிகளை அது சொல்கிறது. ஒவ்வொரு விளக்குக்கும் கடைசியாக மாற்றிய நேரத்தைத் தனித்தனியே குறித்துவைத்து, இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்து, இடைவெளி நிறைந்திருந்தால் மட்டும் விளக்கை மாற்ற வேண்டும்.

"அந்த எண்ணிக்கை எதுவரைக்கும் போகும், மாமா?" என்றாள் அக்கா மகள். ஏறக்குறைய 49 நாள் 17 மணி நேரம். பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பும். கழித்துப் பார்க்கும்வரை, கூட்டல் கழித்தல் குறியில்லாத 32 பிட் கணக்கு என்பதால், அத்திருப்பத்திலும் விடை பிசகாது. நேரத்தை நிரலில் சேமித்துவைக்கும் மாறியை, அத்தகைய குறியில்லாத 32 பிட் எண் வகையான 'அன்சைன்ட் லாங்' என்று அறிவிப்பது கட்டாயம். அது ஏன் என்று காட்டுவதற்காகவே அவளை 'இன்ட்' என்னும் சிறிய எண் வகைக்கு மாற்றி ஏற்றச் சொன்னேன். இந்தச் சிப்பில் 'இன்ட்' 32,767 வரைதான் கொள்ளும்; அரை நிமிடம் ஒழுங்காகச் சிமிட்டிய பச்சை விளக்கு, அதன் பிறகு அணையாமல், பாதி வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தது. உண்மையில் அது தொடர்ந்து எரியவில்லை. இடைவெளி எப்போதும் நிறைந்துவிட்டதாகவே கணக்கு வந்ததால், ஒவ்வொரு சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரிந்து அணைந்துகொண்டிருந்தது.

ஜூன் 15

தொட்டி நிரம்புவதை அறியும் மிதவை ஸ்விட்சை 2ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் இணைத்து, சிப்பின் உள்ளேயே உள்ள ரெசிஸ்டரைப் பயன்படுத்தும் 'இன்புட் புல்அப்' என அமைத்தேன்; தனி ரெசிஸ்டர் தேவைப்படவில்லை. மிதவையைக் கையால் உயர்த்திய கணமே சிவப்பு சிமிட்டியது, பச்சையின் தாளம் தவறவில்லை. இனி, கம்பிகளைச் செருகிச் சோதிக்கும் பிரெட்போர்டிலிருந்து எடுத்துச் சாலிடர் செய்து, தூசி புகாத பெட்டியில் அடைக்க வேண்டியது மட்டுமே பாக்கி.