ரொட்டேட்டரை டவருக்குள்ளே இறக்கியாச்சு

ஆடிக் காற்று அடித்து ஓய்ந்தது. பல்லடம் பக்கம் அது எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பித்தான் சுற்றிலும் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. என் ஹாம் ரேடியோவுக்கான 14 மெகாஹெர்ட்ஸ் யாகியை, அதாவது ஒரே திசையை நோக்கும் ஆன்டெனாவை, வடமேற்கே ஐரோப்பா பக்கம் திருப்பி விட்டால் விட்ட இடத்தில் அப்படியே நிற்கிறது. ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாரான ரொட்டேட்டரில் ஒரு முனகல் இல்லை. பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

எல்லாம் ரொட்டேட்டர் உட்கார்ந்திருக்கும் இடத்தால்தான். டவர் உச்சியில், ஆன்டெனாவைத் தாங்கும் மாஸ்ட் பைப் சுழல ஒரு பேரிங், அதற்கு 5 அடி கீழே, டவருக்கு உள்ளே ரொட்டேட்டர், பேரிங்குக்கு 3 அடி மேலே ஆன்டெனா. காற்று 50 கிலோ விசையில் தள்ளினால் ரொட்டேட்டருக்குப் பக்கவாட்டில் போவது 30 கிலோதான். அதையே பேரிங்குக்கு 1 அடி கீழே வைத்திருந்தால் 150 கிலோ! சாதாரண நெம்புகோல் கணக்கு. என் அமைப்பில் பேரிங் 80 கிலோ வாங்கும், வாங்கட்டும், அதற்குத்தான் யூசிஎஃப் 210 ரக பேரிங் போட்டது. பேரிங்கே இல்லாமல் உச்சித் தட்டில் ரொட்டேட்டரை வைத்து அதன் தலைமேல் பெரிய யாகியைப் பூட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

உயிரை வாங்கியது பேரிங்கும் ரொட்டேட்டரும் ஒரே நேர்கோட்டில் வரச் சென்டர் பார்க்கிற வேலைதான். மாஸ்ட்டான ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப்பின் வெளிவிட்டம் 48.3 மில்லி, பேரிங் துளை 50. 0.8 மில்லி எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டை ஒரு சுற்று சுற்றி இறக்கியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. ரொட்டேட்டர் உட்காரும் தட்டுக்கு, கோவை ஆவாரம்பாளையத்தில் லேத் வைத்திருக்கும் பெரியவர் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. “ரவுண்டு ஓட்டை வேண்டாமுங்க தம்பி, ஸ்லாட்டாப் போட்டுக்கலாமுங்க, மேல போய் நகத்திக்கலாம்” என்றார். பேரிங் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, தட்டை நகர்த்தி, மாஸ்ட்டைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்த்தேன். ஓரிடத்தில் லேசாகப் பிடித்தாலும் போல்ட்டைத் தளர்த்தி மறுபடி நகர்த்த வேண்டும். எங்குமே பிடிக்காமல் சுற்றிய பிறகுதான் கடைசி இறுக்கு. இந்த இடத்தில் அவசரப்பட்டால் கியர் பல் தேய்ந்துதான் தெரியவரும்.

மாஸ்ட் எடை ரொட்டேட்டர் மேல்தான் இருக்கிறது. பேரிங்குக்கு மேலே ஒரு கிளாம்ப் தயாராக நிற்கிறது. ரொட்டேட்டரைக் கழற்ற வேண்டி வந்தால் அதை இறுக்கிவிட்டால் போதும், ஆன்டெனாவைத் தொடவே வேண்டாம். மழைக்கு லாரி டியூப்பை வெட்டிப் பாவாடை மாதிரி மாட்டி, ஹோஸ் கிளிப் போட்டிருக்கிறேன்.

பைப் வாங்க உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்குப் போகிறவர்கள் தரையில் உருட்டிப் பார்த்து வாங்குங்கள். கண்ணுக்கு நேராகத் தெரிவதெல்லாம் நேர் இல்லை.

ஆன்டெனா கேபிளான கோஆக்ஸை, மாஸ்ட் திரும்ப இடம் இருக்கும்படி சுற்றுவிட்டு நிரந்தரமாகக் கட்டுவது இன்னும் பாக்கி. ஆனால் மாஸ்ட்டில் மேலே 2 அடி மிச்சம் இருக்கிறதே, 50 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு சின்ன யாகி ஏற்றலாம் என்று அலுமினியம் குழாய் விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன்.